பழைய பந்தயக் காரும் பழுதுபார்ப்போனின் மனச்சான்றும்

மனிதன் தன் கையால் ஆக்கிய பொருள்களுட் பெரும்பாலானவை அவற்றின் பயன் முடிந்ததும் மறைந்துவிடுகின்றன. எஞ்சியவற்றுட் சிலவற்றை நூதனசாலைகள் காக்கின்றன. உழவனின் கலப்பையும் குயவனின் கலமும் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்பட்ட பின்னரும் தம்மைப்பற்றி ஓரளவேனும் பேசவல்லன. கலத்தைக் கண்ட அளவில், அதில் நீர் நிறைந்திருந்த காட்சியை மனம் ஊகித்துக்கொள்கிறது. பந்தயத்துக்கென்றே ஆக்கப்பட்ட காரின் நிலை வேறு. அதன் உறுப்பு ஒவ்வொன்றும் விரைவை நோக்கியே அமைந்தது. நிற்கும்போது அது இருக்கை வசதியுமற்ற, மழைக்கும் ஒதுங்க உதவாத, ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய ஓர் இரும்புக் கூடு. எனவே அதனைக் காப்பாற்ற முனைவோர் அதனை ஓடச் செய்தாக வேண்டும். ஓடச் செய்யும்போதோ அதனைத் தேயச் செய்கின்றனர். அத்துடன், அதனுள் ஓர் உயிரையும் அமர்த்துகின்றனர். பழைய பந்தயக் காரைத் திருத்தியமைக்கும் முயற்சியின் சிக்கல் யாவும் இம்முரண்பாட்டிலிருந்தே பிறக்கின்றன எனலாம்.

பந்தயக் கார்களுட் செல்வச் செழிப்பின் சின்னங்களாய் விளங்குவன பல. பெருந்தொகை கொடுத்து அவற்றை வாங்குவோரும், சம்பளம் கொடுத்து அவற்றைப் பேணுவிப்போரும் உளர். அவற்றை விடுத்து, எளியோரின் பந்தயத்துக்கென உருவான ஒரு வகையை நோக்குவதே இங்கு பொருத்தமாகும். 'போர்மியூலா வீ' என்பது அதன் பெயர். 'வீ' என்னும் எழுத்து வொக்ஸ்வாகன் என்பதன் முதலெழுத்தைக் குறிக்கும். புளோரிடாவில் வொக்ஸ்வாகன் வாகன வணிகராயிருந்த ஹியூபேட் பிறண்டேஜ் என்பவர், அந்நிறுவனத்தின் 'பீற்றில்' காரின் உறுப்புகளைக்கொண்டே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை ஆக்கலாம் என்று கருதினார். அவர் வேண்டுகோளின்படி இத்தாலியின் தூரின் நகரில் என்றிக்கோ நார்டி என்பவரின் தொழிற்கூடத்தில் 1959ஆம் ஆண்டளவில் முதற் கார் உருப்பெற்றது. 1963ஆம் ஆண்டில் அமெரிக்க விளையாட்டுக் கார்க் கழகம் இதனைத் தனியொரு பந்தய வகுப்பாக ஏற்றுக்கொண்டது. சில ஆண்டுகளுள் இவ்வகுப்பு ஐரோப்பாவுக்கும் பிரேசிலுக்கும் ஏனைய நாடுகளுக்கும் பரவியது.

இவ்வகுப்பின் உயிர்நிலை அதன் விதிகளிலே உள்ளது. சட்டகத்தையும் உடலையும் எவரும் தம் எண்ணப்படி அமைத்துக்கொள்ளலாம். எஞ்சின், கியர்ப்பெட்டி, முன்னிருசு, பிறேக், சில்லு ஆகியன மட்டும் தொழிற்சாலையிலிருந்து வந்த பீற்றிலின் உறுப்புகளாய் இருத்தல் வேண்டும். எஞ்சின் 1192 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. நான்கு சிலிண்டர்கள் பக்கத்துக்கு இரண்டாகப் படுக்கை நிலையில் அமைந்து, காற்றாற் குளிர்விக்கப்படுவது. பாடசாலை ஆசிரியரும் தாதியும் கடைச் சிப்பந்தியும் நாள்தோறும் வேலைக்குச் சென்ற அதே காரின் உறுப்புகள் அவை. பணத்தால் வேகத்தை வாங்கும் வழி இவ்வாறு பெருமளவிற்கு அடைக்கப்பட்டது. ஓட்டுபவனின் திறனும், பொருத்துபவனின் கவனமுமே எஞ்சின. பின்னாளில் உலகச் சாம்பியன்களாகிய எமர்சன் பிட்டிபால்டி, நிக்கி லவுடா, கெக்கே ரொஸ்பேர்க் ஆகிய மூவரும் தம் இளமைக் காலத்தில் இவ்வகைக் கார்களில் ஓடியவர்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஆயினும், அம்மூவரைப் போன்றோர் ஓட்டிய கார்கள் சிலவே. ஏனையவற்றை ஓட்டியவர்கள் வாரநாளில் வேறு தொழில் செய்து, வாரவிறுதியில் தம் காரை இழுவைவண்டியில் ஏற்றிக்கொண்டு பந்தயத்திடலுக்குச் சென்ற சாதாரண மாந்தர். ஆங்கிலத்தில் 'அமெச்சூர்' என இவர்கள் அழைக்கப்படுவர். அச்சொல் இன்று திறன் குறைந்தோன் என்னும் இழிபொருளிலும் வழங்குகின்றது. அதன் இலத்தீன் வேரோ அன்பு செய்தலைக் குறிப்பது. கூலி கருதாது, விருப்பத்தின் பொருட்டே ஒரு தொழிலில் ஈடுபடுவோன் என்பதே அதன் பழம்பொருள். இத்தகையோரிடமிருந்து ஒரு கார் மற்றொருவருக்கும், அவரிடமிருந்து வேறொருவருக்கும் கைமாறும். புதிய அமைப்புகள் வந்து அதனைப் பிந்தச் செய்யும். ஒரு நாள் ஓட்டத்தின் நடுவே எஞ்சின் உடையும்; அல்லது குடும்பப் பொறுப்புகள் பெருகும். கார் ஒரு கொட்டிலின் மூலையைச் சென்றடையும். அதன்மேற் பழைய படுதாவும், அப்படுதாவின்மேற் பயனற்ற தட்டுமுட்டுகளும் ஏறும். இருபது, முப்பது ஆண்டுகளுக்குப் பின் வேறொருவர் அதனைக் கண்டெடுப்பார்.

கண்டெடுத்தவர் முதலிற் செய்ய விழைவது கழற்றுதலாகும். பொறுமையற்றவர் அதனை ஒரே நாளில் முடித்து, பெட்டிகள் நிறைய இனந்தெரியாத இரும்புத் துண்டுகளுக்கு உடைமையாளர் ஆவார். அனுபவமுடையவர் கழற்றுமுன் நோக்குவார். எந்தச் சுரையாணி எத்திசையிலிருந்து செருகப்பட்டுள்ளது, எவ்விடத்தில் எத்தனை தகட்டு வளையங்கள் இடப்பட்டுள்ளன, எந்தக் குழாய் எதன் கீழாகச் செல்கின்றது என்பனவற்றையெல்லாம் படமெடுத்தும் எழுதியும் வைப்பார். ஏனெனில், அவை ஒவ்வொன்றும் ஒருவர் எடுத்த முடிவின் சுவடாகும். ஏடு பார்த்து நூல் பதிப்பிப்போருக்கு இந்நிலை நன்கு விளங்கும். பிழையெனத் தோன்றும் பாடம் உண்மையிலேயே பிழைதானா, அன்றித் தாம் அறியாத ஒரு வழக்கின் எச்சமா என்பதை ஆராயுமுன் திருத்திவிடும் பதிப்பாசிரியர், நூலுக்கு உதவி செய்பவரல்லர். காரிலும் அவ்வாறே. ஓரிடத்திற் கோணலாய்ப் பற்றவைக்கப்பட்ட ஒரு தாங்கியைக் கண்டதும் நிமிர்த்திவிடத் தோன்றும். பின்னரே, உயரமான ஓட்டுநர் ஒருவரின் முழங்காலுக்கு இடம் விடுவதற்காக அது அவ்வாறு அமைக்கப்பட்டமை தெரியவரும்.

கழற்றி முடிந்ததும் எஞ்சி நிற்பது சட்டகம். அக்காலச் சட்டகங்கள் மென்னுருக்குக் குழாய்களை ஒன்றோடொன்று பற்றவைத்து ஆக்கப்பட்டவை. வெளிப்புறத்துத் துருவைக் கண்ணாற் காணலாம், சுரண்டலாம். குழாயின் உட்புறத்துத் துருவே அஞ்சத்தக்கது. துளையொன்றின் வழியாகவோ வெடித்த பற்றுவழியாகவோ உட்புகுந்த நீர் தாழ்ந்த முனையிற் தேங்கி, ஆண்டுக்கணக்கில் உலோகத்தை அரித்திருக்கும். வர்ணத்தை முற்றாக நீக்கி, சிறு சுத்தியலால் குழாயின் வழிநெடுகத் தட்டிக்கொண்டு செல்லும்போது நல்ல உலோகம் கணீரென்று ஒலிக்கும். மெலிந்த இடம் மழுங்கி ஒலிக்கும். கையாலும் காதாலும் செய்யப்படும் இச்சோதனை ஐயத்தைக் கிளப்பவே உதவும். ஐயம் எழுந்த இடத்தில் உலோகத்தின் தடிப்பை அளத்தல் வேண்டும். பழைய விபத்துகளின் வரலாறும் இவ்வேளையில் வெளிப்படும். வர்ணத்தின் கீழே ஒட்டுத்துண்டுகளும், நெளிந்து நிமிர்த்தப்பட்ட குழாய்களும், அவசரத்தில் இடப்பட்ட பற்றுகளும் காணப்படும். விற்றவர் சொல்லாதவற்றையெல்லாம் சட்டகம் சொல்லிவிடும்.

அடுத்து வருவது முன்னிருசு. பீற்றிலின் முன்னிருசு, குறுக்காக அமைந்த இரண்டு குழாய்களாலானது. அவற்றினுள்ளே மெல்லிய உருக்குப் பட்டைகளின் அடுக்குகள் கிடக்கின்றன. சில்லு மேலெழும்போது, பின்னோக்கி நீண்ட கரங்கள் அப்பட்டைகளை முறுக்குகின்றன. அம்முறுக்கே வில்லாகத் தொழிற்படுகின்றது. 1965ஆம் ஆண்டு வரையிலான அமைப்பில் சில்லைத் தாங்கும் பகுதி ஊசிகளின் மீது திரும்பியது. 1966ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து பந்து மூட்டுகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. பழைய வீ கார்களில் உள்ளவை பெரும்பாலும் முன்னைய வகையினவே. அவ்வூசிகள் கிறீஸ் இல்லாவிடிற் தேயும்; தேய்ந்தால் சில்லு ஆடும். அவற்றைப் பொருத்தும்போது மெல்லிய வளையங்களை எண்ணி இட்டு, இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் இடையிலான நுண்ணிய நிலையைக் கண்டறிதல் வேண்டும். இதனை நூலிற் படித்து அறியலாம். விரலால் உணர்ந்தாலன்றிச் செய்துமுடிக்க இயலாது.

இவ்விடத்தில் ஓர் உண்மையைக் குறிப்பிடல் வேண்டும். உருக்கு உறுப்புகள் திடீரென முறிவதில்லை. பல்லாயிரம் தடவை வளைந்து நிமிர்ந்ததன் விளைவாக மயிரிழையிலும் நுண்ணிய வெடிப்பொன்று ஒரு மூலையிற் தோன்றி, ஓட்டத்துக்கு ஓட்டம் வளர்ந்து, எஞ்சிய உலோகம் சுமையைத் தாங்கமாட்டாத அந்த ஒரு கணத்தில் முறிகின்றது. முறிவதற்கு முந்திய நாளில் அவ்வுறுப்பு நல்ல உறுப்பைப் போலவே தோற்றமளிக்கும். ஆகையால் சுக்கான் கரங்களையும் சில்லச்சுகளையும் காந்தமேற்றி, நுண்ணிய இரும்புத்துகள் கலந்த திரவத்தை அவற்றின்மேற் பூசிச் சோதிக்கும் வழக்கம் உண்டு. வெடிப்புள்ள இடத்திற் காந்தப்புலம் கசிவதால் துகள்கள் அங்கே கோடாகத் திரளும். காந்தத்துக்கு வசப்படாத மக்னீசிய, அலுமினிய வார்ப்புகளுக்கு, வெடிப்பினுள் ஊறும் சாயத்தைப் பயன்படுத்துவர். நாற்பது ஆண்டுகளாக ஒளிந்திருந்த ஒரு கோடு அவ்வாறு ஒளிரும்போது திருத்துபவரின் உள்ளத்தில் எழுவது மகிழ்ச்சியா அச்சமா என்று கூறுவது கடினம்.

அழகுக்கும் பாதுகாப்புக்கும் உள்ள பகையும் இங்கேயே தெளிவாகின்றது. முன்னைய காலத்துப் பந்தய ஆர்வலர் பலர் தம் காரின் கரங்களுக்கும் தண்டுகளுக்கும் பளபளக்கும் குரோம் முலாம் பூசி மகிழ்ந்தனர். முலாமிடும் மின்பகுப்பின்போது வெளிப்படும் ஐதரசன், வலிமை மிக்க உருக்கினுள் ஊடுருவி அதனை நொறுங்குந்தன்மை உடையதாக்கிவிடும். உரிய முறையில் உடனே சூடாக்கி அவ்வாயுவை வெளியேற்றாவிடின், காண்பதற்கு வெள்ளிபோல் மின்னும் உறுப்பு, கண்ணாடிபோல் உடையக்கூடும். மேலும், அம்முலாம் தனக்குக் கீழுள்ள வெடிப்பை மறைத்தும் வைக்கும். ஆகவே, அறிவுடையோர் இவ்வுறுப்புகளுக்கு மெல்லிய வர்ணம் ஒன்றையே பூசுகின்றனர். வெடிப்புத் தோன்றினால் அவ்வர்ணமும் வெடித்து, துருவின் கோட்டை வெளிக்காட்டும். கண்காட்சியிற் பரிசு பெறும் காரும் பந்தயத்திடலில் நம்பத்தக்க காரும் எப்போதும் ஒன்றாயிருப்பதில்லை.

எஞ்சினைத் திருத்துதல் ஒப்பீட்டளவில் அறியப்பட்ட பாதையாகும். உலகெங்கும் கோடிக்கணக்கில் ஓடிய எஞ்சின் அது. அதன் உட்கூடு மக்னீசியக் கலப்புலோகத்தாலான இரண்டு பாதிகளைப் பொருத்தி ஆக்கப்பட்டது. நெடுங்கால உழைப்பில், சுழற்றித் தண்டைத் தாங்கும் இடங்கள் அடிபட்டு வட்டத்தன்மை இழக்கும். அப்போது நான்கு தாங்கிடங்களையும் ஒரே நேர்கோட்டிற் கடைந்து, வெளிவிட்டம் கூடிய தாங்கிகளை இடுதல் வேண்டும். அவ்வாறு கடைவதற்கும் எல்லையுண்டு. ஒவ்வொரு முறையும் உலோகம் குறைகின்றது. பீற்றிலில் எஞ்சினைக் குளிர்விக்கும் காற்றாடியும் அதன் உறையும் பந்தயக் காரில் அகற்றப்படுவது வழக்கம். காரின் வேகமே காற்றைக் கொணரும். அதன் பொருள், ஓடும்போது குளிரும் அவ்வெஞ்சின், தொடக்கக் கோட்டில் நின்று காத்திருக்கும்போது வெப்பமேறும் என்பதாகும். அதன் ஒயில் இரண்டரை லீற்றர் மட்டுமே. தொழிற்சாலை அமைப்பில் அதனை வடிகட்டுவதற்கு ஒரு கம்பிவலையைத் தவிர வேறெதுவும் இல்லை. ஆதலால், ஒயிலை அடிக்கடி மாற்றுவதும், வடித்த ஒயிலில் உலோகத்துகள் மின்னுகின்றனவா எனப் பார்ப்பதும் இவ்வெஞ்சினைப் பேணுவோரின் அன்றாட ஒழுக்கமாயின.

கியர்ப்பெட்டியைப் பற்றி இத்துறையினர் சிரித்துக்கொண்டே சொல்லும் ஒரு செய்தி உண்டு. பீற்றிலில் எஞ்சின் பின்னிருசுக்குப் பின்னால் இருக்கின்றது. வீ காரில் அது இருசுக்கு முன்னால், ஓட்டுநரின் முதுகுப்புறத்திற்கு வருகின்றது. எஞ்சினும் கியர்ப்பெட்டியும் சேர்ந்து முன்பின்னாகத் திருப்பப்படுவதால், எதனையும் மாற்றாது அவ்வாறே பொருத்தினால் காருக்கு நான்கு பின்னோக்கிய கியர்களும் ஒரேயொரு முன்னோக்கிய கியரும் கிடைக்கும். இதனைத் தவிர்ப்பதற்கு, உள்ளேயுள்ள பெரும் பற்சில்லை மறுபக்கத்துக்கு மாற்றிப் பொருத்துவர். பழுதுபார்க்கும் கடையொன்று, காரின் வகையை அறியாது, பெட்டியைச் சாலைக் காருக்குரிய முறையிற் செம்மையாகப் பொருத்திக் கொடுத்துவிடுதலும் கூடும். அவ்வேலை வேலையளவிற் குற்றமற்றது; பயனளவிற் தலைகீழானது. ஒரு பொருளைத் திருத்துவதற்கு அதன் உறுப்புகளை அறிந்திருத்தல் மட்டும் போதாது. அஃது எதன்பொருட்டு அவ்வாறு அமைந்தது என்பதையும் அறிதல் வேண்டும்.

திருத்துபவரின் உண்மையான இக்கட்டு பின்னிருசில் எழுகின்றது. பீற்றிலின் பின்னிருசு, கியர்ப்பெட்டியின் இருமருங்கிலும் ஒவ்வொரு மூட்டிலிருந்து ஊசலாடும் இரு பாதிகளாலானது. விரைவாக வளைவிற் திரும்பும்போது காரின் பின்புறம் மேலெழ, வெளிப்பக்கச் சில்லு காரின் கீழாக மடிந்துகொள்ள முனையும். மடியின் பிடி போகும். கார் சுழலும், அல்லது கவிழும். தொடக்ககால வீ கார்கள் இவ்வியல்போடுதான் ஓடின. பின்னாளில், இரு பக்கங்களையும் இணைத்து நடுவில் ஒரே வில்லையும் ஒரே அதிர்வுதாங்கியையும் வைக்கும் அமைப்பு வந்தது. அவ்வமைப்பில் பின்புறம் சாய்வை எதிர்ப்பதில்லை. அவ்வேலை முழுவதையும் முன்புறம் ஏற்றுக்கொள்கின்றது. வளைவில் இக்கார்களின் உட்பக்க முன்சில்லு நிலத்தைவிட்டு எழுவது இதனாலேயே. புதிய அமைப்பைப் பொருத்தினால் கார் பெரிதும் அடங்கி ஓடும். ஆனால், 1964ஆம் ஆண்டின் காராக அஃது இராது. அதன் ஓட்டுநர் எதனோடு போராடினார் என்பதை அதன்பின் எவராலும் உணர இயலாது.

வரலாற்றுக்கு உண்மையாயிருப்பதா, உயிருக்கு உண்மையாயிருப்பதா என்னும் இவ்வினாவுக்கு ஒரே விடை இல்லை. எனினும், நிதானமுள்ளோர் ஒரு வேறுபாட்டைக் காண்கின்றனர். காரின் குணத்தை ஆக்கும் இயல்புகள் ஒருவகை. அக்காலத்தின் அறியாமையால் அல்லது வறுமையால் நேர்ந்த ஆபத்துகள் மற்றொருவகை. பழைய கார்களிற் பிறேக்குக்கான திரவம் ஒரே சுற்றிற் சென்றது. ஒரு றப்பர்க்குழாய் வெடித்தால் நான்கு சில்லுகளும் பிறேக் இழக்கும். இதனை இரண்டு சுற்றுகளாகப் பிரிப்பதால் காரின் குணம் எவ்விதத்திலும் மாறுவதில்லை. கவிழ்வு வளையம் பல பழைய கார்களில் ஓட்டுநரின் தலைக்கும் கீழேயே நின்றது. அதனை உயர்த்தினால் காரின் வடிவம் மாறும், கண்ணுக்கு உறுத்தும். ஆயினும், கழுத்தை முறிக்கும் அழகுக்காக வாதாடுவோர் இன்று அரியர். இருக்கைப் பட்டியின் நெசவு வெயிலால் நலியும்; குறித்த ஆண்டுகள் சென்றதும் அதனை மாற்றியாக வேண்டும். எரிபொருட்தாங்கியினுள் அடைக்கப்படும் கடற்பஞ்சு போன்ற பொருளும் காலத்தால் உதிர்ந்து, பெற்றோல் செல்லும் நுண்துளைகளை அடைக்கும். இவற்றையெல்லாம் புதுப்பிப்பது பழமைக்குச் செய்யும் துரோகமாகாது. பின்னிருசின் ஊசலாட்டமோ காரின் குணத்தைச் சேர்ந்தது. அதனை அவ்வாறே விட்டுவைப்பவர், அதற்கேற்ப மெதுவாக ஓட்டக் கற்றுக்கொள்ளவும் வேண்டும். அவ்வாறு கற்காது, பழமையின் பெயராற் பிடிவாதம் செய்பவர் தம் உயிரோடு பிறர் உயிரையும் பணயம் வைக்கின்றார். பந்தயத்திடலில் எவரும் தனியே ஓடுவதில்லை. ஒரு காரிலிருந்து கழன்ற சில்லு, அதன் உடைமையாளர் யாரென்று பார்த்து உருளுவதில்லை.

இத்தனை மாற்றங்களுக்குப் பின் அது பழைய கார்தானா என்னும் வினா எழுதல் இயல்பே. தீசியசின் கப்பலைப் பற்றிப் புளூட்டாக் குறிப்பிடும் பழைய புதிர் இதுவேயாகும். பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட கப்பல் அதே கப்பலா, வேறா என்று கிரேக்க மெய்யியலார் வாதிட்டனர். கோயிற் தேரை அறிந்தவர்களுக்கு இப்புதிர் அவ்வளவு கலக்கம் தருவதில்லை. அச்சு மாறும், சில்லு மாறும், சிற்பம் மாறும். ஆயினும் ஆண்டுதோறும் அதே வீதியில் அதே தேர் வருவதாகவே ஊரவர் கொள்வர். தொடர்ச்சி என்பது மரத்தில் மட்டும் இல்லை, வழக்கத்திலும் உண்டு என்பது அவர்தம் துணிபு. பழைய பந்தயக் கார் இவ்விரு நிலைகளுக்கும் இடையில் நிற்கின்றது. தேய்வனவெல்லாம் தொடக்கத்திலிருந்தே மாற்றப்படுவதற்கென அமைந்தவை. ரயரையும் தாங்கியையும் மாற்றுவதால் எவருக்கும் குறையில்லை. சட்டகத்தின் பெரும்பகுதியை வெட்டியெறிந்து, அதன் இலக்கத்தகட்டை மட்டும் புதிய குழாய்களில் ஆணியடித்துப் பழைய கார் என்று விற்பவரோ வேறொரு செயலைச் செய்கின்றார். முன்னது பேணுதல், பின்னது போலி. இவ்விரண்டுக்கும் நடுவே நெடுந்தூரம் உண்டு. அத்தூரத்தில் எவ்விடத்தில் நிற்கின்றோம் என்று வெளிப்படையாக எழுதி வைப்பதே நேர்மையான வழி.

எழுதி வைத்தல் என்பது பேணுதலின் இரண்டாம் பாதியாகும். திருத்தி முடிந்ததோடு வேலை முடிவதாகப் பலர் எண்ணுவர். உண்மையில் அன்றுதான் அது தொடங்குகின்றது. ஒவ்வொரு பந்தயத்தின் பின்னரும் சில்லுகள் கழற்றப்படும். பற்றுகள் துடைத்துப் பார்க்கப்படும். வால்வுகளின் இடைவெளி அளக்கப்படும். ஊசிகளுக்குக் கிறீஸ் ஏற்றப்படும். நீரை உறிஞ்சும் இயல்புடைய பிறேக் திரவம் ஆண்டுதோறும் மாற்றப்படும். பழைய பிறேக் பூச்சுகளில் கன்னார் கலந்திருக்கக்கூடுமாதலால் அவற்றின் தூசியை ஊதித் தள்ளாது ஈரத்தால் துடைத்தல் வேண்டும். இவற்றையெல்லாம் நாளும் ஓட்டநேரமும் குறித்து ஏட்டிற் பதிதல் மரபு. அந்த ஏட்டில் 'எல்லாம் நன்று' என்று ஒரு வரியில் எழுதிவிடுவது எளிது. எதனைப் பார்த்தோம், எதனைப் பார்க்கவில்லை என்று எழுதுவது கடினம். அடுத்து அக்காரில் அமரப்போகும் மனிதருக்கு உதவுவது பின்னதே.

பின்சில்லைப் பிணைக்கும் பெருஞ்சுரையை இதற்கு ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 36 மில்லிமீற்றர் அளவுள்ள அச்சுரையை 217 இறாத்தல்-அடி முறுக்குவிசையில் இறுக்குதல் வேண்டும். இறுக்கிய பின் அதன் பள்ளமும் இருசின் துளையும் ஒரே நேரில் வந்தாலன்றிக் கொட்டர் பின்னைச் செருக முடியாது. குறித்த அளவை அடைந்தும் துளை நேர்படாவிடின் என் செய்வது? சற்றே தளர்த்தினால் பின் எளிதாக நுழையும், வேலையும் முடியும். விதியோ, மேலும் இறுக்கி அடுத்த பள்ளத்தை நேர்படுத்துமாறு கூறுகின்றது. அதற்கு நீண்ட குழாயும், தோள்வலியும், துணைக்கு ஓர் ஆளும் வேண்டும். இரவு பத்து மணிக்கு, மறுநாட் காலைப் பந்தயத்தை எண்ணிக்கொண்டு கொட்டிலிற் தனியே நிற்பவருக்கு அக்கணத்தில் யாதொரு சாட்சியும் இல்லை. பின் செருகப்பட்ட பின்னர், தளர்த்தப்பட்ட சுரைக்கும் இறுக்கப்பட்ட சுரைக்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடும் இல்லை. பழுதுபார்ப்போனின் மனச்சான்று என்று பேசப்படுவது, இத்தகைய கணங்களின் தொகுப்பேயன்றி வேறன்று.

காலத்தின் மாற்றம் இத்தொழிலுக்கு மற்றொரு சுமையையும் ஏற்றியுள்ளது. இவ்வகுப்பு தோன்றியபோது அதன் வலிமை, உறுப்புகள் எங்கும் மலிவாய்க் கிடைத்தமையாகும். 2003ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மெக்சிக்கோவில் இறுதிப் பீற்றில் வெளிவந்தபோது, அதுவரை ஆக்கப்பட்ட பீற்றில்களின் தொகை 2 கோடியே 15 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. எங்கும் உள்ள பொருளை எவரும் சேமித்து வைப்பதில்லை. பொதுப்பொருள் என்ற அலட்சியத்தாலேயே 1960களின் தொடக்கத்து எஞ்சினுக்குரிய நல்ல உட்கூடுகளும் ஊசி வகை முன்னிருசுகளும் பழைய இரும்பாக உருக்கப்பட்டன. இன்று அவற்றைத் தேடுவோர், ஒருகாலத்திற் குப்பையென ஒதுக்கப்பட்டதை விலைகொடுத்து வாங்குகின்றனர். புதிதாய் ஆக்கப்படும் மாற்றுறுப்புகள் கிடைப்பினும், அவற்றின் உலோகமும் அளவும் பழையவற்றோடு ஒத்துள்ளனவா என்பதை ஒவ்வொன்றாகச் சோதித்தே ஏற்கவேண்டியுள்ளது. அரிய பொருள் அழிவதற்கு அதன் அருமை காரணமாவதுண்டு. பொதுப்பொருள் அழிவதற்கு அதன் எளிமையே காரணமாகின்றது. அன்றாட வாழ்வின் சொற்களும் கருவிகளும் பாட்டுகளும் மறைந்துபோவதும் இவ்வழியிலேயே என்பதை இங்கு நினைவுகூரலாம்.

உறுப்புகளினும் விரைவாக மறைவது அறிவு. எந்த ஊசிக்கு எத்தனை வளையம் என்பதை விரலால் அறிந்தவர்கள் முதுமையடைந்து வருகின்றனர். அவர்களுட் பலர் எழுதும் பழக்கமற்றவர்கள். கேட்டால், சொல்லத் தெரியாது, செய்தே காட்டுவர். ஆதலால், இளையவர் ஒருவர் அவர்கள் அருகில் நின்று, கருவிகளை எடுத்துக் கொடுத்து, ஓரிரு பருவங்கள் கை அழுக்காகி இருந்தாலன்றி அவ்வறிவு கடத்தப்படுவதில்லை. அவ்வாறு நிற்கும் இளையவருக்கு முதலில் வழங்கப்படுவது துடைக்கும் வேலையே. அது தாழ்ந்த வேலையன்று. வெடிப்புகளுட் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடிப்பது துடைப்பவரின் கையே என்பதைப் பின்னர் அவர் அறிந்துகொள்வார்.

ஒரு நாள், பேணியவர் தாமும் காரினுள் நுழைந்து வெளிவர இயலாத முதுமையை அடைவார். அன்று காரை விற்றாக வேண்டும். வாங்க வருபவர் இளைஞராக இருப்பார். அவர் கண்கள் வர்ணத்தின் மேலேயே நிற்கும். ஏட்டை அவரிடம் கொடுத்து, இன்ன இடத்தில் ஒட்டுப் போடப்பட்டுள்ளது, இந்தச் சில்லச்சு இன்ன ஆண்டிற் சோதிக்கப்பட்டது, இதனை இன்னும் இரு பருவங்களுள் மாற்றுதல் வேண்டும் என்று சொன்னால், விலை குறையும். சொல்லாவிடின், விலை குறையாது. தொழில்முறை வணிகருக்கு இது கணக்கு. விருப்பத்தின் பொருட்டே தொழில் செய்த அமெச்சூருக்கு இது தான் இத்தனை ஆண்டுகள் எதனை விரும்பினேன் என்னும் வினா. காரை மட்டும் விரும்பியவர் விலையைப் பார்ப்பார். அதில் அமர்பவரையும் சேர்த்து விரும்பியவர், இளைஞரை அருகில் அழைத்து, படுதாவை விலக்கி, ஒட்டுப் போட்ட இடத்தை விரலாற் தொட்டுக் காட்டுவார்.